சோப்புப் போட்டுத் துவைத்த காற்று

ஒரு நுரைப்பஞ்சை எடுத்துப்போகப் பினாங்கிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பெங்களூர் விமான நிலையத்துக் குடிநுழைவு அதிகாரியும் நம்பவில்லை. கோயிலுக்கா, கல்யாணத்துக்கா என்று கேட்டார். பஞ்சுக்கு என்றேன். என்னையும் என் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வயதான பொம்பளையிடம் என்ன பேச்சு என்று நினைத்தாரோ என்னவோ, முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்.

அந்தப் பஞ்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மெத்தைக்குள் இருக்குமே, அதே நுரைப்பஞ்சுதான். அதை வட்டமாக வெட்டி, எதிரும் புதிருமாகக் கவிழ்த்த இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களுக்கு நடுவே வைத்து, மரத்திலோ மாடியிலோ சில மாதம் தொங்கவிடுவோம். காற்று உள்ளே நுழைந்து வெளியே போகும்போது அதில் இருக்கும் சில விஷங்கள் நுரையில் ஒட்டிக்கொள்ளும். தடைசெய்த பழைய பூச்சிமருந்துகள், பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய், பிளாஸ்டிக்கை எரித்தால் பிறக்கும் டயாக்சின் எல்லாம் அந்த ரகம். வெயிலுக்கும் மழைக்கும் எளிதில் அழியாதவை. மண்ணில் படுத்துக் கிடக்கும், சூடு பட்டால் எழுந்து காற்றில் ஏறும், அடுத்த ஊரில் இறங்கும், கடைசியில் ஏதாவது ஓர் உயிரின் கொழுப்பில் குடித்தனம் நடத்தும். நிலைத்த கரிம மாசுகள் என்று தமிழில் பெயர் இருக்கிறது. சாகாவரம் வாங்கியவை என்று நான் சொல்வேன்.

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம், ஓசூர்ப் பக்கம் மூன்று இடங்களில் இந்தக் கிண்ணங்களைத் தொங்கவிட்டிருந்தது. மாட்டிவிட்டுப் போனவர் என் சக ஊழியர், மலாய்க்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ் 'சாப்பாடு', 'சரி' என்ற இரண்டு சொற்கள். கழற்றிக்கொண்டு வர என்னை அனுப்பினார்கள், ஏனென்றால் எனக்குத் தமிழ் முழுதாகத் தெரியும். "உனக்கு இது விடுமுறை மாதிரி" என்றார் எங்கள் பேராசிரியர். அவர் ஒரு சீனப் பெண்மணி, சிக்கனமாகச் சிரிப்பவர்.

ஓசூரில் என்னை அழைத்துப்போக இசக்கி வேனோடு வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. கிண்ணம் மாட்ட என் சக ஊழியரைக் கூட்டிப்போனவரும் அவர்தான். "வாங்க மேடம், சரியான நாளாப் பாத்து வந்திருக்கிய. நாளைக்கு ஆயுத பூசை. லீவுங்கதால கம்பெனியில எல்லாம் இன்னைக்கே பூசை போடுதாவ. ஊருல ஒரு வேலையும் ஓடாது பாத்துக்கிடுங்க" என்றார். வேனுக்கே இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார். முன்கண்ணாடியில் பாதியைச் சாமந்தி மாலை மறைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் சாலையைத் தேடித்தான் ஓட்டினார்.

எங்கள் ஊரிலும் ஆயுத பூசை உண்டு. ஒரு லோரிக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினால் முடிந்தது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் அன்று ஒரு தேர்த்திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. கடைசல் இயந்திரங்கள் மாலை போட்டுக்கொண்டு நின்றன. தினமும் நீலச் சட்டை போடும் ஆட்கள் பட்டு வேட்டியில் வந்து, தங்கள் இயந்திரத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் பூசணிக்காய் உடைத்தார்கள். ஒரு காய் இரண்டு காய் இல்லை, வண்டி வண்டியாக. குங்குமம் கலந்த பூசணிச் சதை சாலை முழுவதும் பரவிக் கிடந்தது.

அதில்தான் எங்கள் வேன் வழுக்கியது. இசக்கி பிரேக்கை மிதித்ததும் வேன் நடுச்சாலையில் அரைவட்டம் போட்டு, போகவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டீக்கடை பெஞ்சை முட்டாமல் முட்டி நின்றது. டீக்கடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எத்தினி டீ?" என்று கேட்டார். காலையிலிருந்து இது ஏழாவதோ எட்டாவதோ வண்டியாம்.

டீ குடிக்கும்போதுதான் இசக்கி ராஜம்மாவைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது கிண்ணம் தொங்குவது ராஜம்மா வீட்டுப் புங்க மரத்தில், சானமாவுக் காட்டைத் தாண்டி ஒரு கிராமத்தில். "அந்தக்கா நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புடிச்சிக்கிடுதாவ மேடம். மிசினு என்ன சொல்லிச்சி, மிசினு என்ன சொல்லிச்சின்னு. மவ மாசமா இருக்கா. தலைப்பிரசவம், அம்மா வீட்டுலதான பாக்கணும்? வீட்டுக்குப் பொறத்தாலதான் தம்பிக்காரன் கேபிள் வயரப் போட்டு எரிக்கான், செம்பு எடுக்கதுக்கு. அந்தப் பொகை புள்ளைக்கு ஆவுமா ஆவாதான்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

நான் டீயைக் குடித்து முடித்தேன். சொல்வதற்காகத்தானே பஞ்சு தொங்குகிறது.

முதல் கிண்ணம் ஒரு தொழிற்சாலை மாடியில் இருந்தது. ஏறிப் பார்த்தால் அதன் தலையில் சந்தனம், சந்தனத்துக்கு மேல் குங்குமம், சுற்றிலும் ஒரு முழம் சாமந்தி. காவலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லா மிஷினுக்கும் வெச்சிட்டு இத வுட்டா இது கோச்சிக்காதா மேடம்?" என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன். நல்லவேளை, பொட்டு வெளியேதான் இருந்தது, உள்ளே பஞ்சு சாம்பல் நிறத்தில் பத்திரமாக இருந்தது. இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் கை நிறையப் பொரியும் கடலையும் கொடுத்திருந்தார்கள், வாய்க்கு வேலை இருக்கும்போது எனக்கு மூளை ஓடுவதில்லை.

மறுநாள் ஆயுத பூசை. ஓசூர்க் கடையில் பசியாறினேன். மசால் தோசை முறுகல், வெண்ணெய் தனியாக, சாம்பாரில் மட்டும் வெல்லம். பரிமாறியவரிடம் சாம்பார் ஏன் இனிக்கிறது என்று கேட்டேன். "கர்நாடகா இதோ அந்தாண்டதான மேடம் இருக்குது, சர்க்கரைக்கு பார்டர்ல செக்போஸ்ட்டா போட முடியும்?" என்றார். அவர் என்னிடம் தமிழும், பக்கத்து மேசையில் கன்னடமும், சமையற்கட்டைப் பார்த்துத் தெலுங்கும் பேசினார். மூன்றிலும் ஒரே மாதிரி எரிச்சல். எங்கள் ஊர்க் கடைகளிலும் இப்படித்தான், மொழிகள் மட்டும் வேறு. அந்த ஒரு நிமிடம் நான் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது.

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்துப் பம்புசெட்டுக் கூரையில் இரண்டாவது கிண்ணம். அதற்கும் ஒரு பொட்டு, வேறு சேதம் இல்லை. அணையடியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். மதகைத் தாண்டி விழுந்த தண்ணீரில் வெள்ளை நுரை மிதந்தது. பெங்களூர் கழுவி ஊற்றுவதெல்லாம் இந்தத் தென்பெண்ணையில்தான் வருகிறது. மீன் கொழுப்பில் என்னென்ன தங்கும் என்று வகுப்பே எடுக்கக்கூடியவள் நான். வாணலிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று மனத்தோடு போராடினேன். மிளகாய்ப்பொடி பூசிய மீன் எண்ணெயில் சத்தம் போட்டது. இரண்டு தின்றேன்.

மத்தியானத்துக்கு மேல் ராயக்கோட்டைச் சாலையில் போனோம். சானமாவுக் காட்டருகே வண்டிகள் வரிசையாக நின்றன. யானை. பெரிய யானை ஒன்று, அதைவிடச் சின்னது ஒன்று, காலுக்குள் ஒரு குட்டி. சாலையோரக் கேழ்வரகு வயலில் இறங்கி நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்தார். முன்னால் நின்ற லாரி ஓட்டுநர் இறங்கி வந்து கன்னடத்தில் அவரைத் திட்டினார். இசக்கி எனக்கு மொழிபெயர்த்தார்: "கணேசன் சாப்பிட உக்காந்திருக்கான், நீ வீட்டுல சாப்பிடும்போது நான் வந்து பீப்பீன்னு ஊதினா உனக்கு எறங்குமாய்யான்னு கேக்கான் மேடம்." கார்க்காரர் அடங்கிவிட்டார். அதற்குள் வேகவைத்த கடலைக்காய்க் கூடையோடு ஓர் அம்மா வந்துவிட்டார். லாரிக்காரர் ஸ்டவ்வைப் பற்றவைத்து உப்புமா கிண்டினார், எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி. குட்டி யானை ஒரு கதிரை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் தன் தலையிலேயே போட்டுக்கொண்டபோது வரிசை முழுவதும் சிரித்தது. இப்படி ஒரு போக்குவரத்து நெரிசலுக்காக நான் மறுபடியும் விமானச் சீட்டு வாங்குவேன்.

யானைகள் வழிவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராஜம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், ஆனால் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்த இழுப்பில் அவர்தான் அக்கா மாதிரி இருந்தது. "வாங்கக்கா. தமிளு பேசறவங்க வராங்கன்னு இசக்கி சொன்னதும் எனக்கு உசுரே வந்துச்சி. போன தபா வந்தவரு பாவம், எது கேட்டாலும் 'சாப்பாடு, சரி'ன்னாரு. நானும் மூணு வேளையும் சோறு போட்டேன்."

மகள் ரேணுகா பண்டிகைக்காக வந்திருந்தாள். கல்யாணமாகிப் போன ஊர் சாமல்பட்டி. அடுத்த மாதம் வளைகாப்பு, அது முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கேயே வந்து தங்குவதாக ஏற்பாடு. வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மலேசியாவில் மாங்காய் கிடைக்குமா என்று கேட்டாள்.

"அக்கா, உள்ளத சொல்லணும்" என்றார் ராஜம்மா. "வெளிய போயி கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. இவள நான் இங்க கூட்டியாந்து வெச்சிக்கலாமா, வேணாமா? மிஷினு சொல்றத நீங்க படிச்சி சொல்லுங்க."

பஞ்சு பினாங்குக்குப் போய், கரைப்பானில் ஊறி, கருவியில் ஏறி இறங்கிப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். குழந்தை அதற்குள் பிறந்துவிடும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், முதலில் கழற்றிவிடுகிறேன் என்று எழுந்து பின்பக்கம் போனேன்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு வயல் தள்ளி ஒரு மைதானம், தரை முழுவதும் கரி. பண்டிகை என்பதால் நெருப்பு இல்லை. ராஜம்மாவின் நாட்டுக்கோழிகள் அந்தக் கரியைத்தான் கிளறிக் கிளறிக் கொத்திக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கேபிள் குவியல், அதற்கும் மாலை. புங்க மரத்தில் எங்கள் கிண்ணம் தொங்கியது. அப்படி ஒரு பளபளப்பை நான் எங்கள் கிடங்கில்கூடப் பார்த்ததில்லை. மூன்று பட்டை விபூதி, சந்தனம், குங்குமம், மாலை, அடியில் சாம்பிராணி வைத்த தடம். திருகாணியைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன். துணி துவைக்கும் சோப்பு மணத்தது.

"இதை யார் தொட்டது?" என்று கத்தினேன்.

"நான்தான் மேடம்" என்று ஒருவர் முன்னால் வந்தார், முகமெல்லாம் பெருமை. ராஜம்மாவின் தம்பி முனிராஜ். "கிண்ணம் பூரா கருப்படிச்சிக் கெடந்துச்சி. பூசைக்கு அழுக்கோடயா வெக்கறது? புளி போட்டு வெளக்கினேன். உள்ள ஸ்பாஞ்சி கரியாட்டம் இருந்துச்சி. அதையும் சோப்புத்தூள்ல ஊற வெச்சி, நாலு தபா கசக்கி, வேலி மேல காயப்போட்டு மாட்டிட்டேன். புதுசாட்டம் ஆயிடிச்சி பாருங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கடல் கடந்து வந்ததே இந்தப் பஞ்சுக்குத்தான். அது சொல்லவிருந்ததும் இவர் மூட்டும் புகையைப் பற்றித்தான். வேண்டுமென்றே செய்தீர்கள், உங்கள் அழுக்கை நீங்களே கழுவிவிட்டீர்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். மலாயில் இரண்டு சொல் வேறு வந்து விழுந்தது. முனிராஜ் அசையாமல் நின்று கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

"திருட்டுத்தனம் பண்ணேங்கறீங்களா மேடம்? பண்றவன் சந்தனம் வெப்பானா?"

பின்னால் ராஜம்மா சிரிக்க ஆரம்பித்திருந்தார். "மூணு மாசமா நானு கேட்டுக்கினே இருக்கறேன், மிஷினு என்ன சொல்லிச்சின்னு. இவன் அதும் வாய்க்கு சோப்பு போட்டு வுட்டானே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ரேணுகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பஞ்சு என் கையில் பூனைக்குட்டிபோல் மெத்தென்று இருந்தது. என்ன செய்ய, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாகச் சிரித்தவர் முனிராஜ். நான் ஏன் கத்தினேன் என்று அவருக்கு அப்போதும் புரியவில்லை.

யானைகள் மறுபடியும் சாலைக்கு வந்துவிட்டன என்று இசக்கி வந்து சொன்னார். அன்று அங்கேயே தங்கினோம். சாயங்காலமே களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். கேழ்வரகுக் களியை மென்றேன், அது பல்லில் அப்பிக்கொண்டது. "மெல்லக் கூடாது பெரிம்மா, குழம்புல பொரட்டி முழுங்கணும்" என்று ரேணுகா செய்து காட்டினாள். மூன்றாவது உருண்டையில் வழிக்கு வந்துவிட்டேன். முனிராஜ் தன் தட்டை என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து உட்கார்ந்தார். சண்டை அத்தோடு தீர்ந்தது.

சாப்பிடும்போது முற்றத்தில் கோழிகள் அடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பக்கத்து அறைக்காரர்கள் முட்டையை வைத்து வேலை செய்பவர்கள். மேயும் கோழி மண்ணில் இருப்பதையெல்லாம் கொத்தும், மண்ணில் தங்கிய விஷம் மஞ்சள் கருவின் கொழுப்பில் வந்து சேரும் என்பார்கள். பஞ்சைத் துவைக்கலாம், கோழி தின்றதைத் துவைக்க முடியாதே! கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். "ராஜம்மா, காலையில் இந்தக் கோழி முட்டை கொஞ்சம் வேண்டும், ஊருக்குக் கொண்டுபோக" என்றேன். "இதுக்கா இவ்ளோ யோசன பண்ணீங்க?" என்றார்.

காலையில் எழுந்தபோது முட்டை தயாராக இருந்தது. வாழை இலை போட்டு, துணியில் மூட்டையாகக் கட்டி, கூடவே உப்பும் மிளகுத்தூளும் தனிப் பொட்டலமாக. தொட்டேன், சுட்டது. "வேகவெச்சிட்டேன்க்கா. பச்ச முட்டை வேன்ல ஒடையும், ப்ளேன்ல அதவிட ஒடையும். இப்ப எங்க வேணா எடுத்துக்கினு போலாம், பசிச்சா வழியில தின்னலாம்." கோழிகளின் அன்றைய முட்டை, நேற்றைய முட்டை, அடைகாக்க வைத்திருந்த முட்டை, எல்லாம் வெந்திருந்தன. ஒன்றுகூடப் பச்சையாக இல்லை.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊரில் ஆராய்ச்சிக்கென்று எதைக் கொடுத்தாலும் துவைத்தோ வேகவைத்தோதான் திருப்பித் தருவார்கள் போலிருந்தது.

சாலைமுனையில் ஐ.எஸ்.டி. பூத் இருந்தது. பேராசிரியரைக் கூப்பிடப் போனேன். ராஜம்மா, ரேணுகா, இசக்கி எல்லோரும் கூட வந்தார்கள். முனிராஜும் வந்தார், ஆனால் அவசரத்தில் இருந்தார். விஜயதசமியன்று உச்சிக்கு முன் தொழிலைத் தொடங்கியாக வேண்டுமாம். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்று எடுத்து ஒரு கை வேலையாவது செய்யாவிட்டால் வருஷம் முழுவதும் மந்தம். அவர் தொழில் எரிப்பது. ஒவ்வொரு விஜயதசமிக்கும் குவியலுக்கு முதல் நெருப்பு வைப்பது ரேணுகா, சின்ன வயதிலிருந்தே அவள்தான். "ராசியான கை மேடம். கல்யாணம் பண்ணிக் குடுத்தும் இதுக்குன்னு வந்துடுவா" என்றார்.

கண்ணாடிக் கதவை மூடினால் வேர்க்கிறது என்று திறந்தே பேசினேன். பஞ்சு துவைக்கப்பட்டதைச் சொன்னேன். பிறகு முட்டையைச் சொன்னேன். பிறகு, குரலைத் தாழ்த்தி, அது வெந்துவிட்டதையும் சொன்னேன். பேராசிரியர் சிரித்தார். அந்த அம்மாள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. "பைத்தியமே, எப்படியும் வேகவைத்துத்தான் கொண்டுவர வேண்டும். பச்சை முட்டையைச் சுங்கத்தில் விடமாட்டார்கள். கொதிக்கும் தண்ணீர் அந்த விஷத்தை ஒன்றும் செய்யாது. நீ பேசாமல் எடுத்துக்கொண்டு வா."

நான் துள்ளிக் குதித்து வெளியே வந்தேன். "பரவாயில்லை! வேகவைத்தாலும் அது போகாதாம்! எல்லாம் அப்படியே இருக்குமாம்!" என்று கூவினேன். இசக்கி கைதட்டினார். பூத்துக்காரர், என்ன விஷயம் என்று தெரியாமலே, அவரும் தட்டினார்.

ராஜம்மா தட்டவில்லை. "எது போவாதுக்கா?" என்றார்.

என் வாய் அப்போதுதான் மூடியது.

"வேகவெச்சாலும் போவாதுன்னா… இவ மூணாவது மாசத்துலருந்து தெனிக்கும் ரெண்டு தின்றாளே. சாமல்பட்டிக்கு நானே கூடை கட்டி அனுப்பறேனே. நாட்டுக்கோழி முட்டை, புள்ளைக்கு சத்துன்னு."

ரேணுகா என்னைப் பார்த்தாள். முனிராஜும் பார்த்தார். இத்தனை தூரம் வந்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வேனில் ஏற எனக்கு மனம் வரவில்லை. தெரிந்ததைத் தெரிந்த மாதிரியே சொன்னேன். இந்த முட்டைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்காமல் எனக்குத் தெரியாது. பயந்து நடுங்க வேண்டாம், தின்றதற்காக யாரும் அழ வேண்டாம். ஆனால் வயரை எரித்தால் அந்த விஷம் பிறக்கும் என்பது தெரியும். அது மண்ணில் இறங்கும், கோழிக்குப் போகும், முட்டைக்கு வரும், தாய்க்கு வரும், தாய்ப்பாலுக்கும் வரும். இன்றே நெருப்பை நிறுத்தினாலும் அந்த மண்ணை விட்டுச் சுலபத்தில் போகாது. "ராஜம்மா, என் பெண்ணாக இருந்தால் பிரசவத்துக்கு இங்கே கூட்டி வரமாட்டேன், இந்த முட்டையும் கொடுக்கமாட்டேன்" என்றேன்.

ராஜம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்போ நானு சாமல்பட்டிக்குப் போறேன். சம்பந்தி வூட்டுலயே தங்கி பிரசவம் பாத்துக்கறேன்."

"தலைப்பிரசவத்துக்கு மாப்பிள்ள வூட்டுல போயி குந்திக்கினான்னு ஊரு பேசும்மா" என்றாள் ரேணுகா.

"பேசட்டும். பேசறவங்க வாய்க்கெல்லாம் உன் மாமன் சோப்பு போடுவான்."

முனிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் பக்கத்திலேயே நடந்தார். "இத்தினி வருசமா அது கெட்ட பொகைன்னு தெரியும் மேடம், கண்ணு எரியும், இருமலு வரும். நமக்குத்தானன்னு இருந்துட்டேன்" என்றார். பிறகு, "புள்ளைக்குப் போவும்னு யாரும் சொல்லலியே" என்றார்.

மைதானத்தில் நாலைந்து ஆட்கள் குளித்துப் பொட்டு வைத்துக் காத்திருந்தார்கள். முனிராஜ் குவியலுக்குக் கற்பூரம் காட்டினார், எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். வழக்கப்படி ரேணுகா முன்னால் வந்து கையை நீட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். எடுத்தவர் அதை இசக்கி பக்கம் திரும்பி, "நீ பீடி குடிக்கற ஆளு, வெச்சிக்க" என்று கொடுத்துவிட்டார். பூசையில் வைத்திருந்த கத்தியை எடுத்து ரேணுகாவின் கையில் வைத்தார். குவியலிலிருந்து ஒரு முழ வயர்த் துண்டை உருவி, கட்டையின் மேல் பிடித்துக்கொண்டார். "கீறு" என்றார்.

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணா, இத்தினியும் கையில உரிச்சா தீபாவளி தாண்டிடுமே" என்றார் ஒருவர். "தாண்டட்டும்" என்றார் முனிராஜ். "நாலு ஆளு சேத்துக்கறேன்."

ரேணுகாவுக்கு அது பழக்கமில்லை. கத்தி வழுக்கியது, தோல் பிய்ந்து பிய்ந்து வந்தது, வியர்த்துக் கொட்டியது. நல்ல நேரம் போகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். ராஜம்மா தன் முந்தானையால் மகள் நெற்றியைத் துடைத்தார். கடைசியில் ஒரு நீளக் கீறல் சரியாக விழுந்தது, கருப்புத் தோல் இரண்டாகப் பிளந்தது, உள்ளேயிருந்து செம்பு வெளியே வந்தது. எரித்தெடுக்கும் செம்பு கருத்து, பொரிந்து கிடக்கும். இது சிவந்து, புதிதாக, வெயிலில் மின்னியது. ஆட்கள் எல்லோரும் ஒரு சத்தம் போட்டார்கள். நானும்தான், எங்கள் ஊர்க் காற்பந்தாட்டத்துக்குப் போடும் சத்தம்.

முனிராஜ் அந்தக் கம்பியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு இரண்டு விரலால் வளைத்து, நுனிகளை முறுக்கி மடித்து, கையைக் காயப்படுத்தாதபடி கத்திப் பிடியால் தட்டினார். ரேணுகாவின் கையைப் பிடித்து அதை மாட்டிவிட்டார். கண்ணாடி வளையல்களுக்கு மேலே அது லொடலொடவென்று ஆடியது. ரேணுகா அழுதுகொண்டே சிரித்தாள்.

"வளைகாப்புக்கு முந்தியே வளையலு போடறான் பாரு, கூறு கெட்டவன்! தாய்மாமன்னா ஒரு மொறை வேணாமா?" என்று ராஜம்மா தம்பியை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வைத்தாரே தவிர, மகள் கையிலிருந்து அதைக் கழற்றவில்லை.